9 நிமிடக் குத்துச்சண்டைக்கு உடம்பு ஏன் இவ்வளவு களைத்துப் போகிறது?

"கால்பந்து வீரர்கள் 90 நிமிடம் ஓடுகிறார்கள். குத்துச்சண்டையில் 3 நிமிடம் வீதம் மூன்றே சுற்று. அதற்குள் ஏன் நிற்கக்கூட முடியாமல் போகிறார்கள்? என் தம்பி சேர ஆசைப்படுகிறான், உடம்பு தாங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது நான் 60 கிலோ பிரிவில் சண்டையிட்டவன். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க உதவுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கால்பந்தில் பந்து அந்தப் பக்கம் போனால் நடக்கலாம், நிற்கலாம். ரிங்குக்குள் உங்களுக்கு எப்போது ஓய்வு என்பதை எதிரில் நிற்பவன்தான் முடிவு செய்கிறான். நீங்கள் மூச்சு வாங்குவது தெரிந்ததும் அவன் உள்ளே புகுந்து அடிப்பான். உடம்பு தயாராக இல்லாத நேரத்தில்தான் அதிகமாக வேலை வாங்கப்படும்.

தசையில் உடனடிச் செலவுக்கென்று கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பு இருக்கிறது. முழு வேகத்தில் அடித்தால் ஏறக்குறைய 10 வினாடிக்குத்தான் வரும். அப்புறம் தசை சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துச் சமாளிக்கும். அப்போது ரத்தத்தில் அதன் விளைபொருளான லாக்டேட் ஏறும். சும்மா இருக்கும்போது லிட்டருக்கு 1, 2 மில்லிமோல் இருப்பது, கடுமையான சண்டை முடிந்ததும் 10ஐத் தாண்டிவிடும். மல்யுத்தத்தில் இன்னும் மேலே போகும். காலியான கையிருப்பை மறுபடி நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். குத்துச்சண்டைக்காரர்கள் விடியற்காலையில் எழுந்து ஓடுவது இதற்காகத்தான். "9 நிமிட ஆட்டத்துக்கு எதற்கு அண்ணே இவ்வளவு ஓட்டம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஓட்டத்தின் பலன் சுற்றுகளுக்கு நடுவில் வரும் 1 நிமிட இடைவேளையில் தெரியும். இதயம் பழகியவன் அந்த 60 வினாடியில் பாதிக்கு மேல் மீண்டுவிடுவான். பழகாதவன் போன சுற்றின் களைப்போடுதான் அடுத்த சுற்றுக்கு எழுந்து நிற்பான்.

கட்டிப் பிடிக்கும் விளையாட்டுகள் வேறு விதமான கொடுமை. ஜூடோவில் 4 நிமிடம். சமநிலையில் முடிந்தால் கோல்டன் ஸ்கோர் என்ற கூடுதல் ஆட்டம், அதற்கு நேர வரம்பே கிடையாது. எதிராளியின் உடையை இறுகப் பிடித்தபடியே இருப்பதால் முன்கைத் தசைக்குள் ரத்தம் சரியாகப் போகாது. என் கல்லூரி நண்பன் ஒருவன் ஜூடோ ஆடியவன். ஒரு போட்டி முடிந்து வந்து, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகத் தெம்பில்லாமல் என்னிடம் நீட்டினான். ஜெயித்திருந்தான், ஆனால் விரல்கள் மடங்கியே இருந்தன.

சிங்கப்பூரில் இதோடு புழுக்கமும் சேர்கிறது. காற்றில் 80 விழுக்காடு ஈரப்பதம் இங்கே சாதாரணம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நம் ஊரில் அது சொட்டிக்கொண்டே இருக்கும். இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். பயிற்சி முடிந்து, கையுறைக்குள் கையில் சுற்றும் துணியைப் பிழிந்தால் துவைத்த துணி மாதிரித் தண்ணீர் வடியும்.

இவ்வளவையும் பயிற்சியால் பழக்கலாம். நான் பயப்படுவது மணி அடிப்பதற்கு முன்னால், எடைப் பிரிவுக்குள் வருவதற்காக உடம்பின் நீரை வற்ற வைப்பதைப் பார்த்துத்தான்.

2012ல் ஒரு போட்டிக்கு முன் நான் 64 கிலோ இருந்தேன். ஐந்து நாளில் 60க்கு வரவேண்டும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு புளோக்கைச் சுற்றி ஓடினேன், பன்னிரண்டு மாடி ஏறி இறங்கினேன். கடைசி நாள் தண்ணீரும் இல்லை. ஒரு போத்தலில் எச்சிலைத் துப்பியபடி வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தார். அந்தச் சத்தம் வந்த பக்கமே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, பேசாமல் மூடிவிட்டார். அன்று இரவு பாத்திரங்கள் கழுவாமலே கிடந்தன.

மறுநாள் 59.8. எடை சரி. ஆனால் இரண்டாவது சுற்றில் பெரிதாக அடி எதுவும் வாங்காமலே கால்கள் விட்டுப்போயின. காரணம் பின்னால்தான் புரிந்தது. உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜனின் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால், அதே வேலைக்கு இதயம் வேகமாக அடிக்க வேண்டும். எடை பார்த்த பிறகு நாலு மணி நேரத்தில் இரண்டு போத்தல் குடித்தால் இதெல்லாம் சரியாகாது. "எல்லாரும் செய்வதுதான்" என்று அன்று என்னிடம் சொன்னார்கள். இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

உச்சத்தில் இருப்பவர்களுக்கே இந்த நிலைமைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று ஆட்டம் வென்று 50 கிலோ இறுதிக்கு வந்தார். இரவு முழுக்க உடற்பயிற்சி செய்து, முடியைக்கூட வெட்டியும், மறுநாள் காலையில் 100 கிராம் கூடுதல். தகுதி போனது, அவருக்கு நீர்ச்சத்துக் குறைவுக்காகச் சிகிச்சையும் வேண்டியிருந்தது. அவருக்காவது உயிர் மிஞ்சியது. 2015 டிசம்பரில் மணிலாவில், ஒன் சாம்பியன்ஷிப் என்ற தற்காப்புக் கலை நிறுவனத்தின் போட்டிக்கு எடை குறைத்துக்கொண்டிருந்த யாங் ஜியான் பிங் என்ற சீன இளைஞர் இறந்தே போனார். வயது 21. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் அதன்பின் விதியை மாற்றியது. உடம்பில் நீர் போதுமா என்று சிறுநீரைச் சோதித்து எடை பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற இடங்களிலும் இந்த முறை வரவேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் தம்பி தாராளமாகச் சேரட்டும். இளம் உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் பயிற்றுநரிடம் நீங்களே நேரில் போய், போட்டி வந்தால் எடையை எப்படிக் குறைக்க வைப்பார் என்று கேளுங்கள். மாதக்கணக்கில் சாப்பாட்டைத் திட்டமிட்டுக் குறைப்போம், முடியாவிட்டால் மேல் பிரிவில் ஆடட்டும் என்று சொன்னால் சேர்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தண்ணீரை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.