இலவச கம்ப்ளையன்ஸ் கருவிக்கு வருமானம் எங்கிருந்து?

ஒரு தொழில் சட்ட விதிமுறைகளைப் பின்பற்றுகிறதா என்று சரிபார்க்கும் கருவியைச் சும்மா கொடுத்தால், கொடுப்பவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் உங்களிடமிருந்து வருவதில்லை, உங்களை எந்த நிறுவனத்திடம் அனுப்பிவைக்கிறார்களோ அங்கிருந்து வருகிறது.

கருவி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்ததும் 'தரவுப் பாதுகாப்புக் கொள்கை இல்லை' என்று சிவப்பில் ஒரு வரி வரும். பக்கத்திலேயே 'இதைச் சரிசெய்ய' என்று ஒரு பொத்தான், அதற்கான மென்பொருளை விற்கும் நிறுவனத்தின் தளத்துக்கு இணைப்பு. அந்த இணைப்பின் வாலில் யார் அனுப்பியது என்பதற்கான குறியீடு ஒட்டியிருக்கும். அழுத்தினால் பெரும்பாலும் உலாவியில் ஒரு குக்கியும் (நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதை நினைவில் வைக்கும் சிறு பதிவு) பதிந்துவிடும். அப்புறம் குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்த மென்பொருளை வாங்கினால் கருவிக்காரருக்குக் கமிஷன். சில ஒப்பந்தங்களில் வாங்கவே வேண்டாம், உங்கள் தொடர்பு விவரம் போய்ச் சேர்ந்தாலே காசு.

வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இதில் தப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு: சிவப்பு வரி கூடினால் அவர்கள் வருமானமும் கூடும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று சொல்லாத எச்சரிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.