மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தொழிற்கூடம் காட்டுவது: கிருஷ்ணகிரி, தருமபுரி கேள்வி பதில்

கருத்தரங்கு அழைப்பிதழில் "இரண்டாம் நாள்: தொழிற்கூடப் பார்வை" என்று ஒரு வரி போட்டுவிடுவது சுலபம். அந்த வரியை நடத்திக் காட்டுவதில்தான் திண்டாட்டம். இரு மாவட்டங்களிலும் இத்தகைய பார்வைகளை ஒழுங்கு செய்து பழகிய ஒருவர், கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை.

பர்கூரிலிருந்து ஒரு பேராசிரியர்: எங்கள் கருத்தரங்குக்கு 120 பேர் வருகிறார்கள். எல்லோரையும் ஓசூரில் ஒரே பெரிய ஆலைக்குக் கூட்டிப்போக முடியுமா சார்?

முடியாது சார். உள்ளே விட்டாலும் அவர்கள் பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகைத்தான். இயந்திரம் ஓடும் தளத்தில் ஒரு வழிகாட்டிக்கு 15 பேர் கணக்கு. 20 தாண்டினால் பின்வரிசைக்கு ஒன்றும் காதில் விழாது. ஆலைகள் ஒரு நேரத்தில் இரண்டு குழுவுக்கு மேல் ஒத்துக்கொள்வது அரிது. ஆகவே மூன்று, நான்கு இடங்களைப் பிடித்து, பதிவுப் படிவத்திலேயே "எது வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். வலுக்கட்டாயமாக வந்தவர்தான் நடைபாதைக் கோட்டை விட்டு வெளியே போய் நிற்பார்.

நேரக் கணக்கும் பாருங்கள். 40 பேர் பேருந்தை விட்டு இறங்க 10 நிமிடம், வாசலில் பெயர் சரிபார்க்க 15, கைபேசி ஒப்படைக்க 10, பாதுகாப்பு விளக்கம் 15, தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்ட 10. ஒரு இயந்திரத்தைக் கூடப் பார்க்காமல் ஒரு மணி நேரம் போயாயிற்று. இரண்டு மணி நேர அனுமதி என்றால் உள்ளே ஒரு மணிதான். ஒரு நாளில் இரண்டு இடம் போதும். மூன்றாவதில் பாதிப் பேர் பேருந்திலேயே தூங்குவார்கள்.

காவேரிப்பட்டணம்: ஜனவரியில் மாநாடு. மாம்பழக்கூழ் ஆலை காட்டலாமா?

ஜனவரியில் காட்டினால் காலி ஆலையைத்தான் காட்டலாம். இங்கே கூழுக்குப் பெரும்பாலும் போவது பெங்களூரா மாங்காய். அது வந்து குவியும் மே கடைசி முதல் ஜூலை வரைதான் ஆலை மும்முரமாக ஓடும். மற்ற மாதங்களில் இயந்திரத்தைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறியியல் மாணவர்களுக்கு அதுவும் லாபம்தான்: கொட்டை நீக்கியின் உள்ளே இருக்கும் துடுப்பும் சல்லடையும் சீசனில் கண்ணில் படாது. வேளாண் வணிகக் குழுவென்றால் ஏமாற்றம்.

சீசனில் போனால் பழம் போகும் வழியிலேயே நடக்க விடுங்கள்: பழுக்கவைக்கும் கூடம், கழுவும் தொட்டி, தரம் பிரிக்கும் பட்டை, கொட்டை நீக்கி, கூழ் இயந்திரம், சல்லடை, சூடேற்றல், நிரப்பல். எதிர்த் திசையில் நடக்கக் கூடாது. கழுவாத பழத்தைத் தொட்ட காலும் கையும் நிரப்பும் அறைக்குள் நுழைவதை எந்த ஆலையும் விரும்பாது, அந்த அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். 3.1 கிலோ டின்னும், இருநூறு கிலோவுக்கு மேல் பிடிக்கும் டிரம்முக்குள் போகும் கிருமி நீக்கிய பையும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல விவாதம் கிளம்பும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உள்ளவர் வரக் கூடாது. தரை முழுக்கக் கூழ் பட்டு வழுவழு என்றிருக்கும், ரப்பர் பூட்ஸ் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

தேதி, வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம், எத்தனை பேர், யார் யார் (பெயர், பணிபுரியும் நிறுவனம், அடையாள அட்டை எண்), எதைப் பார்க்க விருப்பம், எந்த மொழியில் விளக்கம், பொறுப்பாளரின் கைபேசி எண். ஒரே பக்கம். "பணிபுரியும் நிறுவனம்" என்ற பத்தியை மறைக்காதீர்கள். போட்டி நிறுவனத்து ஆள் ஒருவர் உள்ளே போனது பிறகு தெரியவந்தால், அடுத்த ஆண்டு உங்கள் கடிதத்தைப் பிரிக்கக்கூட மாட்டார்கள். வெளிநாட்டவர் இருந்தால் பாஸ்போர்ட் நகலும் சேர வேண்டும்.

பெரிய தனியார் ஆலைக்கு ஒன்றரை மாதம் முன்னால், அரசு நிலையங்களுக்கு மூன்று வாரம் முன்னால், சிறு பட்டறைக்கு ஒரு வாரம் முன்னால் நேரில் போய். பட்டறைக்காரரிடம் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண்.

தருமபுரி, பெண் ஒருங்கிணைப்பாளர்: பட்டுப்புழு வளர்ப்பு மனைக்குப் போனால் காலை ஏதோ வெள்ளைப் பொடியில் மிதிக்கச் சொல்கிறார்கள், சென்ட் போட்டவர்களை வெளியே நிறுத்துகிறார்கள். இவ்வளவு கெடுபிடி ஏன்?

கெடுபிடியே இல்லைங்க, அவர்கள் விட்டுக்கொடுத்துத்தான் விடுகிறார்கள். அந்தப் பொடி நீற்றின சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்தது. ஒரு மனையின் நோய் அடுத்த மனைக்குப் போவது பெரும்பாலும் செருப்பிலும் கையிலும்தான். ஓடிவந்து ஒரு மிதி மிதித்துவிட்டு உள்ளே போனால் பயனில்லை. இரண்டு காலும் முழுசாகப் பதிய வேண்டும். கையையும் கழுவ வேண்டும்.

அதைவிட ஆபத்து வாசனை. புழுவுக்குப் பூச்சிக்கொல்லியும் ஒன்றுதான், நீங்கள் கையில் தடவிய கொசு விரட்டிக் களிம்பும் ஒன்றுதான். புகையிலையும் அப்படியே. பீடி, சிகரெட் பிடித்த கையோடு இலையைத் தொட்டால் போதும், அந்தத் தட்டுப் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, வாயால் கக்க ஆரம்பிக்கும். ஒரு விவசாயிக்கு ஒரு மாத உழைப்பு அது. முதல் நாள் இரவே எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள்: சென்ட், பவுடர், கொசு விரட்டி, புகையிலை நான்கும் கூடாது.

எந்த நாள் போவது என்பதும் முக்கியம். புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடக்கிறது, பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை ஏறத்தாழ 25 முதல் 28 நாள். தோலுரிக்கும் நாளில் போனால் எல்லாம் தலை தூக்கியபடி அசையாமல் கிடக்கும். பார்ப்பவருக்கும் ஒன்றுமில்லை, புழுவுக்கும் தொந்தரவு. ஐந்தாம் பருவத்தின் மூன்றாம், நான்காம் நாள் போங்கள். மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் அந்தப் பருவத்தில்தான் தின்னும். விளக்குபவர் வாயை மூடினால் மல்பெரி இலை கடிபடும் சத்தம் தூறல் போலக் கேட்கும். முட்டை பொரித்த தேதியை விவசாயியிடம் கேட்டு நாளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாநாட்டுத் தேதிக்காக அவர் புழுவைக் காக்கவைக்க முடியாது.

ஓசூரில் பட்டு வளர்ச்சிப் பயிற்சி நிலையமும் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமும் இருக்கின்றன. வித்தகம், அதாவது முட்டை உற்பத்திக் கூடம் காட்டுவதாக இருந்தால், ஆஸ்துமா உள்ளவர்களை முன்கூட்டியே கேட்டுப் பிரித்துவிடுங்கள். அந்துப்பூச்சியின் செதில் தூசி காற்றில் பறந்துகொண்டே இருக்கும், மூச்சிறைப்பு வரும்.

பட்டுக்கூடு அங்காடி பார்க்க எத்தனை மணிக்கு வரலாம்?

காலையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தருமபுரி அங்காடிக்குப் போய் வெறும் தரையைப் பார்க்காதீர்கள். கூட்டுக்குள் உயிருள்ள கூட்டுப்புழு இருக்கிறது. நாள் போகப் போக எடை குறையும், பத்து நாளுக்கு மேல் விட்டால் பூச்சி துளைத்துக்கொண்டு வந்து இழை அறுந்துவிடும். அதனால்தான் அங்கே எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள். கூடு வாங்க வந்த பட்டு நூற்பாளர் ஒருவர் இரண்டு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்குவதைக் காட்டுங்கள்: உள்ளே "கடக்" என்று தனியாக உருளும் சத்தம் வந்தால் புழு முற்றிவிட்டது. ஏல நேரத்தில் வியாபாரிக்கும் விவசாயிக்கும் நடுவே போய்க் கேள்வி கேட்க வேண்டாம். ஓரமாக நில்லுங்கள், முடிந்ததும் அவர்களே பேசுவார்கள்.

ஓசூர்: மத்திகிரி கால்நடைப் பண்ணை, கோழியினக் கல்லூரி, தளி மலர் மையம் மூன்றையும் ஒரே நாளில் எந்த வரிசையில் வைக்கலாம்?

முதலில், மூன்று வேண்டாம். கோழியைச் சேர்ப்பதானால் அதுதான் முதல். எந்தக் கோழிக் கூடத்துக்குப் போகுமுன்பும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வேறு கோழிப் பண்ணை மிதித்தவரா என்று கேட்பார்கள். வீட்டில் கோழி வளர்ப்பவரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். பொய் சொல்லக் கூடாது. மத்திகிரிப் பண்ணை 1824இல் தொடங்கியது, இடம் பெரிது, நடக்க நிறைய இருக்கிறது. கோமாரி பரவும் காலத்தில் அனுமதி தர மாட்டார்கள், தராததே சரி.

தளியில் இருப்பது இஸ்ரேல் ஒத்துழைப்போடு அமைந்த கொய்மலர் மகத்துவ மையம். பசுமைக்குடிலுக்குள் மதியம் வெக்கை தாங்காது, காலை பத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆக, தளி ஒரு நாள், மத்திகிரி ஒரு நாள். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் இரண்டு குழு.

சேலை கட்டி வரலாமா அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்கள்.

பயிற்சி நிலையம், அங்காடி, ஆராய்ச்சிப் பண்ணைக்குத் தாராளமாக. சுழலும் தண்டு, பெல்ட், லேத் இருக்கும் இடத்துக்கு வேண்டாம். முந்தானை, துப்பட்டா, தொங்கும் பின்னல், வேட்டி நுனி, கழுத்தில் தொங்கும் மாநாட்டு அடையாள அட்டை ஐந்தும் ஒரே வகை ஆபத்து. கடைசிச் சாமானை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அட்டையைச் சட்டையில் குத்தும் வகையாகக் கொடுங்கள். காலுக்கு மூடிய ஷூ. செருப்போடு வந்தவருக்கு வாசலில் காத்திருக்க நாற்காலி கேட்டு வையுங்கள், ஏனென்றால் பத்துப் பேரில் ஒருவர் கட்டாயம் அப்படி வருவார்.

உள்ளே போனதும் விளக்குபவர் பேசுவது எதுவும் கேட்பதில்லை. ஒலிபெருக்கி கொண்டுபோகலாமா?

கூடாது. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதித்த உச்சம் 90. அதோடு ஒலிபெருக்கியால் போட்டி போட்டால் வேலை செய்பவருக்கு எச்சரிக்கை மணி கேட்காமல் போகும். உள்ளே பேசவே வேண்டாம். வெளியே சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, "மூன்றாம் இடத்தில் இதைக் கவனியுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி, கேள்விகளை வெளியே வந்து வாங்குங்கள். காதில் மாட்டும் கம்பியில்லாக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால், 20 நிமிட விளக்கம் 35 நிமிடமாகும் என்று அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

ஒரு கூடுதல் எச்சரிக்கை: சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டிக்குப் பின் சக்கரம்தான் திரும்பும். முன்பக்கம் இடப்பக்கம் திரும்பும்போது வால் வலப்பக்கம் வீசும். அதன் பக்கவாட்டில் நின்று பார்க்கும் பழக்கம் ஆபத்து.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு. ஆலை "இந்த இடத்தில் மட்டும்" என்றால் அந்த இடத்தில் மட்டும். வேலை செய்பவர் முகத்தை எடுக்க அவரையும் கேட்க வேண்டும்.

கிரானைட் பட்டறை பார்க்க ஆசை. ஆபத்தா?

கவனமாகப் போனால் இல்லை. அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றி அறுப்பதால் தூசி குறைவு, சேறு அதிகம். தூசி இருப்பது ஓரத்தை உலர்வாகத் தேய்க்கும் இடத்தில். சிலிக்கா தூசிக்குத் துணி முகக்கவசம் உதவாது, என்95 கொண்டுபோங்கள். ஆனால் பெரிய பயம் வேறு: சாய்வுச் சட்டத்தில் நிறுத்திய பலகைகள். 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 54 கிலோ. 3 மீட்டருக்கு 2 மீட்டர் பலகை ஒன்று 320 கிலோவைத் தாண்டும். அதில் சாய்ந்து நின்று செல்பி எடுக்கும் ஆளை முதலிலேயே அடையாளம் கண்டு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐடிஐ, வேளாண் அறிவியல் நிலையம் மாதிரிப் பயிற்சி இடங்கள் சலிப்பாக இருக்கின்றன என்கிறார்கள்.

முதல்வர் அறையில் தேநீர், பவர்பாயிண்ட், பூட்டிய ஆய்வகம் என்று காட்டினால் சலிக்காமல் என்ன செய்யும்? செய்முறை வகுப்பு நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிட்டர் பிரிவில் பயிற்சியாளரே வைஸில் இரும்பைப் பிடித்து, அரத்தால் தேய்த்து, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதை விளக்கட்டும். பிறகு விருந்தினர் ஒருவர் கையில் அரத்தைக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் அவர் தேய்த்த இரும்பின் முகம் வளைந்து நிற்கும். பயிற்சி ஏன் அத்தனை மாதம் என்று அப்போது புரியும். தேர்வுக் காலத்தில் மட்டும் போகாதீர்கள்.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், பையூர் ஆராய்ச்சி நிலையம் இரண்டிலும் வயலில் பயிர் நிற்கும் மாதத்தைக் கேட்டுத் தேதி வையுங்கள்.

சிறு பட்டு நூற்பாலைக்காரருக்கு என்ன கொடுப்பது? சால்வை போதுமா?

சால்வையை வைத்து அவர் என்ன செய்வார்? நாற்பது பேர் வந்து நின்றால் கூடு வேகும் தொட்டி ஒன்று ஒரு மணி நேரம் நிற்கிறது, அங்கே நூல் எடுக்கும் பெண்ணின் அன்றைய கூலியும் குறைகிறது. அந்த ஒரு மணி நேர இழப்பை முன்கூட்டியே பேசி, உறையில் போட்டு, அந்தப் பெண்ணின் பங்கு அவர் கைக்குப் போகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். அரசு நிலையத்தில் பணம் கொடுக்கக் கூடாது. கட்டணம் இருந்தால் ரசீது வாங்குங்கள்.

முதல் நாள் இரவு ஆலையிலிருந்து "நாளை வேண்டாம்" என்று சொன்னால்?

சொல்வார்கள். ஆய்வு வரும், இயந்திரம் நிற்கும். ஒவ்வொரு குழுவுக்கும் 20 கிலோமீட்டருக்குள் ஒரு மாற்று இடத்தை முன்பே கடிதம் கொடுத்துப் பிடித்து வையுங்கள். அங்காடி, வேளாண் நிலையம் போன்றவை இதற்குத் தோது. ஓட்டுநரிடம் இரண்டு இடத்துக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும். பண்ணைப் பாதையில் 50 இருக்கைப் பேருந்து திரும்பாது, வேன்தான். மாற்று இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதுங்கள்.