முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவம் ஆக வாய்ப்பு உண்டா?

இப்போது ஐந்தாம் மாதம், மூத்த குழந்தைக்கு மூன்று வயது, அது சிசேரியன் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் "நார்மலுக்கு முயற்சி பண்ண முடியாது" என்கிறார், மாமியார் சுகப்பிரசவம்தான் வேண்டும் என்கிறார், நடுவில் நீங்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே நிலையில் இருந்தவள். அதனால் என் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். "முடியாது என்பது என் உடம்பாலா, இந்த ஆஸ்பத்திரியாலா?" எனக்கு இதைக் கேட்கத் தோன்றவே ஏழு மாதம் ஆகிவிட்டது. எங்கள் ஊர் நர்சிங் ஹோம் டாக்டரம்மா நல்லவர், மூத்தவளை எடுத்ததும் அவர்தான். தயங்கித் தயங்கிக் கேட்டபோது பட்டென்று உண்மையைச் சொன்னார்: "உனக்கு முயற்சி பண்ணலாம்மா. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவதுன்னா மயக்க டாக்டர் பக்கத்து ஊர்லேர்ந்து வரணும். இங்க வேண்டாம்." அதுவரை என் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. என்னுடையது மகளின் தடுப்பூசி அட்டைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது. நல்லவேளையாக இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, எல்.எஸ்.சி.எஸ். என்று எழுதியிருந்தது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் அறுத்த சிசேரியன் என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் குறுக்காகத்தான் அறுப்பார்கள். இன்னொன்று, காரணம்: பிரீச். குழந்தை தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருந்ததால் அறுத்தார்கள். அந்தக் காரணம் ஒவ்வொரு பிரசவத்திலும் வரும் என்றில்லை. தலை இறங்கவில்லை, கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை என்று அறுத்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் குறையும், ஆனால் அப்படியும் எத்தனையோ பேருக்கு நார்மல் ஆகிறது.

வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெளியே குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக அறுத்திருக்கலாம். "ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்ற பேச்சு 1916-ல் நியூயார்க் டாக்டர் எட்வின் கிரேகின் சொன்னதிலிருந்து பரவியது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக அறுப்பதே வழக்கம். அந்தத் தழும்பு வலி வரும்போது கிழிந்து விட்டுப்போகும் ஆபத்து அதிகம். உங்களுக்கு அப்படி நெடுக்காக அறுத்திருந்தாலோ, முன்பே தழும்பு கிழிந்திருந்தாலோ, இப்போது நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, முயற்சியே வேண்டாம்.

ஒரே ஒரு முறை கீழ்ப்பகுதியில் குறுக்காக அறுத்திருந்தால் கணக்கு வேறு. வலிக்குக் காத்திருப்பவர்களில் 100-க்குச் சுமார் 70 முதல் 75 பேருக்கு நார்மல் ஆகிறது. தழும்பு விடும் ஆபத்து ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு. சின்ன எண்தான், ஆனால் நடந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. நிமிடக் கணக்கில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். அதனால்தான் ஆஸ்பத்திரியைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். இரவு பகலாக ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், குழந்தை டாக்டர் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். வலி வராவிட்டால் வரவைக்க என்ன கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள். வலி வரவைக்கும் மருந்து தழும்பின் ஆபத்தைக் கூட்டும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை, தழும்பு உள்ளவர்களுக்கு நிறைமாதத்தில் கூடாது.

நான் அப்படி வசதியுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறினேன். 39 வாரம் முடிந்து மூன்றாம் நாள், விடியற்காலை வலி தானாக வந்தது. வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் நாடித்துடிப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தழும்புக்கு ஏதாவது என்றால் பெரும்பாலும் முதலில் குழந்தையின் துடிப்பில்தான் தெரியும் என்று சிஸ்டர் சொன்னார். மத்தியானம் கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருந்தது. அம்மா வெளியே விளக்கேற்றாத குறை. அப்புறம் ஒவ்வொரு வலிக்கும் அந்த 'டக் டக்' சத்தம் மெதுவாகி, திரும்ப ஏற நேரம் எடுத்தது. என்னை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார்கள். டாக்டர் பேப்பரை இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "போதும்மா, தியேட்டருக்குப் போயிடலாம்" என்றார். அரை மணி நேரத்துக்குள் பையன் அழும் சத்தம் கேட்டது. தழும்பு விட்டிருக்கவில்லை. எதனால் துடிப்பு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சொந்தக்காரர்கள் "இவ்வளவு வலியும் வீணாப் போச்சே" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அரை மணி நேரம் எங்கள் ஊர் நர்சிங் ஹோமில் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

என் நாத்தனார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தன் இரண்டாவதற்கு முன்கூட்டியே சிசேரியன் போதும் என்று முடிவு செய்தாள். முயற்சி செய்து பாதியில் ஆபரேஷன் ஆவதைவிடத் திட்டமிட்ட ஆபரேஷனில் சிக்கல் குறைவு, அவள் கணக்கும் சரியானதுதான். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோசியர் நல்ல நாள் குறித்தார் என்று 39 வாரத்துக்கு முன்னால் போகாதீர்கள். சீக்கிரம் எடுக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். குடும்பக் கட்டுப்பாடு சேர்த்துச் செய்துவிடலாமே என்பதற்காக மட்டும் சிசேரியனும் வேண்டாம். அதை நார்மல் ஆன ஒரு வாரத்துக்குள்ளும் செய்யலாம். மூன்றாவது குழந்தை வேண்டும் என்று நினைத்தால் அதையும் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். சிசேரியன் கூடக்கூட, அடுத்த நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகும் ஆபத்தும் கூடும்.

மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும், இதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

உங்களுக்கு இடைவெளி நன்றாகவே இருக்கிறது. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் தழும்பைப் பற்றிக் கூடுதல் கவலை. ஆனால் முதல் தடவை ஏன் அறுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பேப்பரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பிரசவத் தேதியைச் சொல்லி அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் குறிப்பின் நகல் கேளுங்கள். ஐந்தாம் மாதம்தானே, வேறு ஆஸ்பத்திரி பார்க்கவும் நேரம் இருக்கிறது.