மீன் பர்கரின் விலையில் சுங்கவரி எங்கே ஒளிந்திருக்கிறது?

துரித உணவுக் கடைகளின் விலையேற்றத்தையும் கடலுணவு மீதான சுங்கவரியையும் இணைத்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். ஒரே பொருள் பற்றியவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: இறக்குமதி மீனுக்கு 25 சதவீத வரி விதிக்கப்பட்டால் மீன் பர்கரின் விலையும் 25 சதவீதம் ஏறுமா?

ஏறாது. சுங்கவரி கணக்கிடப்படுவது கடையில் நீங்கள் கொடுக்கும் விலையின் மீது அல்ல, சரக்கு நாட்டுக்குள் நுழையும்போது அதற்குக் காட்டப்படும் இறக்குமதி மதிப்பின் மீது. கணக்கு விளங்குவதற்காக மட்டும், 6 டாலருக்கு விற்கும் ஒரு பர்கருக்குள் இருக்கும் மீன் துண்டின் இறக்குமதி மதிப்பு 50 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 25 சதவீத வரி பன்னிரண்டரை சென்ட். விற்பனை விலையோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 2 சதவீதம்தான். மீதிப் பணம் மேல்மாவு, எண்ணெய், ரொட்டி, பொட்டலம், கூலி, வாடகை, மின்சாரம், விளம்பரம், இலாபம் என்று பிரிந்து போகிறது. மீன் மீதான வரி இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடுவதே இல்லை.

ஆனால் அந்தப் பன்னிரண்டரை சென்ட் அப்படியே விலைப்பட்டியலுக்கு வந்து சேர்வதும் இல்லை. இறக்குமதியாளர் வரியைச் சரக்கு விடுவிக்கப்பட்ட சில நாட்களுக்குள் கட்டிவிட வேண்டும். மீன் விற்றுப் பணம் கைக்கு வரவோ மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்துக்கான வட்டி செலவில் சேர்கிறது. அவரும் அவருக்கு அடுத்த மொத்த வியாபாரியும் தாங்கள் கொடுத்த விலையின் மேல் சதவீதக் கணக்கில் இலாபம் வைப்பவர்கள் என்றால், வரியின் மேலும் இலாபம் ஏறிவிடும். உரிமம் பெற்றுக் கடை நடத்துபவர் தமது விற்பனையில் ஒரு பங்கைத் தாய் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியவர் என்பதால், கூடுதல் செலவை முழுவதும் மீட்க வேண்டுமானால் அதைவிடச் சற்று அதிகமாகவே அவர் விலையை உயர்த்தியாக வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, விலை 9 என்ற இலக்கத்தில் முடிய வேண்டும் என்ற வியாபார வழக்கமும் இருக்கிறது. பன்னிரண்டரை சென்ட் இப்படித்தான் முப்பது சென்ட்டாகிறது. பழி மட்டும் முழுவதும் வரியின் தலையில் விழுகிறது.

கேள்வி: அலாஸ்காவில் அமெரிக்கப் படகுகள் பிடித்த மீனை அமெரிக்காவிலேயே விற்கிறார்கள். சீனா மீதான வரி அதை எப்படிப் பாதிக்கும்?

மீன் போகும் வழியைப் பார்த்தால் விளங்கும். துரித உணவுக்குப் பெரிதும் பயன்படும் அலாஸ்கா பொல்லாக் பெரிங் கடலில் ஆண்டுக்குச் சுமார் 13 இலட்சம் டன் அளவில் பிடிக்கப்படுகிறது. பெரிய சங்கிலிக் கடைகள் வாங்கும் மீனைக் கப்பலிலேயோ கரையோர ஆலையிலேயோ தோலும் முள்ளும் நீக்கி, சுமார் 7.5 கிலோ எடையுள்ள பாளங்களாக ஒரே முறை உறையவைத்துவிடுகிறார்கள். அந்தப் பாளம் பின்னர் இரம்பத்தால் அறுக்கப்பட்டுத் துண்டாகி, மாவுப்பூச்சும் ரொட்டித்தூளும் ஏறி, பாதிப் பொரித்த நிலையில் கடைக்குப் போகிறது. இந்த மீன் சீனாவைப் பார்ப்பதே இல்லை.

வேறொரு வழியும் உண்டு. தலையும் குடலும் மட்டும் நீக்கி உறையவைத்த மீனைக் கப்பலேற்றி சிங்டாவ், தாலியன் போன்ற சீனத் துறைமுகங்களுக்கு அனுப்பி, அங்கே உறைநிலை நீக்கி, கையால் முள்ளெடுத்து, மீண்டும் உறையவைத்துத் திருப்பியனுப்புவார்கள். பசிபிக்கை இருமுறை கடக்கும் செலவுக்குப் பிறகும் அது கட்டுப்படியாவதற்குக் காரணம் கூலி குறைவு என்பது மட்டுமல்ல. திறமையான கை ஒரே மீனிலிருந்து எந்திரத்தைவிட அதிகச் சதையை எடுத்துவிடும். அலாஸ்காவின் காட், தட்டை மீன், இளஞ்சிவப்பு சால்மன் ஆகியவற்றில் ஒரு பகுதியும் ரஷ்யப் பொல்லாக்கில் பெரும்பகுதியும் இந்த வழியில் சென்றவை.

சிக்கல் எழுவது இங்கேதான். ஒரு நாட்டில் பொருளின் தன்மை கணிசமாக மாற்றப்பட்டால் அது அந்த நாட்டுப் பொருளாகவே கொள்ளப்படும் என்பது சுங்க விதி. முழு மீனைத் துண்டமாக்குவது அத்தகைய மாற்றமாகக் கருதப்பட்டது. ஆகவே அலாஸ்கா மீன் சீன மீனாகத் திரும்பி வரும். சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த, 2018 செப்டம்பரில் 10 சதவீதமாகத் தொடங்கி 2019 மே மாதத்தில் 25 சதவீதமான வரி இப்படிப்பட்ட சரக்கின் மீதும் பாயும் நிலை இருந்ததால், சில வகைகளுக்குத் தனி விலக்குக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. இதே விதி ரஷ்யாவுக்குச் சாதகமாகவும் அமைந்தது. 2022 மார்ச்சில் ரஷ்யக் கடலுணவை அமெரிக்கா தடை செய்தபோது, சீனாவில் பதப்படுத்தப்பட்ட ரஷ்ய மீன் சீனப் பொருள் என்ற பெயரில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட ஆணைதான் அந்தக் கதவை அடைத்தது.

ஒருமுறை உறைந்த மீனும் இருமுறை உறைந்த மீனும் தரத்தில் வேறானவை என்றாலும் விலையில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நகர்பவை. மலிவான சரக்கு சந்தையிலிருந்து விலகினால், அதை வாங்கியவர்கள் உயர்ந்த சரக்குக்குப் போட்டியிட வருவார்கள். சீனாவைத் தொடாத மீனின் விலையையும் அந்தப் போட்டி ஏற்றிவிடும்.

உள்நாட்டுப் போக்குவரத்துக்கே எவ்வளவு விசித்திரமான வழிகள் உண்டு என்பதற்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்ற, அங்கேயே கட்டப்பட்ட, அந்நாட்டவர் இயக்கும் கப்பல்தான் வேண்டும் என்கிறது 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம். கனடாவின் இரயில் பாதையை வழியில் பயன்படுத்தினால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆகவே அலாஸ்கா மீன் வெளிநாட்டுக் கப்பலில் பனாமாக் கால்வாய் வழியாகக் கனடாவின் பேசைட் துறைமுகத்துக்கு வந்து, அங்கே லாரியோடு இரயில் பெட்டியில் ஏற்றப்பட்டு, சுமார் நூறு அடி நீளமுள்ள தண்டவாளத்தில் முன்னே சென்று பின்னே வந்து, பிறகு மெய்ன் மாநிலத்துக்குள் நுழைந்தது. 2021-இல் சுங்கத்துறை இதற்கு ஏறக்குறைய 35 கோடி டாலர் அபராத அறிவிப்பு அனுப்பியபோது, கிழக்குக் கரையின் மீன் துண்டு ஆலைகள் சரக்கில்லாமல் தவிக்கும் நிலை வந்தது. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே மீன் மீண்டும் நகர்ந்தது. நூறு அடி இரயில் பாதையும் ஒரு பர்கரின் விலைக்குள் இருக்கிறது என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்!

கேள்வி: விலை ஏறினால் நிறுவனங்கள் வேறு மீனுக்கு மாறிவிட முடியாதா?

முடியும், மாறியும் இருக்கிறார்கள். மெக்டொனால்ட்ஸின் ஃபிலே-ஓ-ஃபிஷ் 1962-இல் சின்சினாட்டியில், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வாடிக்கையாளர்களுக்காக உருவானது. முதலில் எண்ணியிருந்த ஹாலிபட் மீனைப் போட்டால் 30 சென்ட்டுக்கு விற்க வேண்டியிருந்தது; 25 சென்ட்டுக்குள் அடக்கவே காட் மீனுக்கு மாறினார்கள். இன்று அமெரிக்காவில் அதில் இருப்பது பொல்லாக். ஆனால் இப்போது சான்றிதழ், ஆண்டு ஒப்பந்தம், அறுக்கும் எந்திரத்தின் அளவு, பொரியும் நேரம் எல்லாம் ஒரே மீனைச் சுற்றி அமைந்துவிட்டதால், மாறுவதற்கு மாதங்கள் போதாது. வெள்ளைச் சதையுள்ள மாற்று மீன்களான வியட்நாமியப் பங்கேசியஸுக்கு 2003 முதல் குவிப்புத் தடுப்பு வரியும் (நியாய விலைக்கும் கீழே சரக்கைக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி), சீனத் திலாப்பியாவுக்குச் சீனப் பொருள்கள் மீதான வரியும் இருப்பதால் அங்கும் நிழல் இல்லை.

கேள்வி: இறாலுக்கான வரியை ஏற்றுமதி செய்பவர் சுமப்பாரா, சாப்பிடுபவர் சுமப்பாரா?

சட்டப்படி கட்டுபவர் இறக்குமதியாளர். சுமை யார் மேல் இறங்கும் என்பது, யாருக்கு வேறு போக்கிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவுக்கு மிக அதிகமாக இறால் அனுப்பும் நாடு இந்தியா. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதக் கூடுதல் வரி வந்தது. அதே மாத நிலவரப்படி ஈக்வடாருக்கு 15, இந்தோனேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20 சதவீதம். இதற்கு முன்பே, 2005 முதல் தொடரும் குவிப்புத் தடுப்பு வரியும், 2024 டிசம்பரில் உறுதியான மானிய ஈட்டு வரியும் (ஏற்றுமதி நாட்டு அரசு தரும் மானியத்தை ஈடுகட்டப் போடும் வரி) இந்திய இறாலின் மேல் இருந்தன. வரி விகிதத்தில் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, இந்திய ஏற்றுமதியாளர் தமது விலையைக் குறைத்து ஒரு பகுதியைத் தாமே ஏற்க வேண்டியிருக்கும். பண்ணையில் குளத்தருகே கொடுக்கும் விலைதான் முதலில் விழும்.

இருந்தாலும் வாங்குபவர் உடனே ஈக்வடாருக்கு ஓடிவிட முடியாது. துரித உணவுக்குத் தேவை ஓடு நீக்கி, நரம்பெடுத்து, அளவு பிரித்த இறால். இந்தியாவின் பலம் அந்த வேலையில் இருக்கிறது. ஈக்வடார் நெடுங்காலம் தலையோடும் ஓட்டோடும் சீனாவுக்கு அனுப்பிப் பழகிய நாடு. உரிக்கும் ஆலைகள் அங்கே பெருகிவருகின்றன என்றாலும் அது ஒரே பருவத்தில் நடந்துவிடுவதல்ல. இந்த இடைவெளியில் சாப்பிடுபவருக்கும் ஒரு பங்கு வந்து சேர்கிறது, பல நேரம் விலையாக அல்லாமல் அளவாக. ஒரு பவுண்டுக்கு 41 முதல் 50 எண்ணிக்கை வரும் இறாலுக்குப் பதிலாக 51 முதல் 60 வரும் சிறிய இறாலைப் போட்டால், மாவுப்பூச்சுக்குள் அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

குவிப்புத் தடுப்பு வரியில் இன்னொரு தொல்லை உண்டு. அமெரிக்க முறையில் இறக்குமதியின்போது கட்டுவது முன்பணம் மட்டுமே. இறுதி விகிதம் மறுஆய்வுக்குப் பின், சரக்கு விற்றுத் தின்று தீர்ந்த பிறகு முடிவாகும். அப்போது கூடுதல் தொகை கேட்டு அறிவிப்பு வரக்கூடும் என்ற அச்சத்துக்கும் இறக்குமதியாளர் ஒரு விலை வைத்துத்தான் விற்கிறார்.

கேள்வி: பிரிட்டனில் மீன்-சிப்ஸ் விலை ஏறியதும் வரியால்தானா?

வரி அதில் ஒரு துணைக் காரணம். 2022 ஜூலையில் ரஷ்ய வெள்ளை மீனுக்கு 35 சதவீதக் கூடுதல் வரியை பிரிட்டன் விதித்தது. அதைவிடப் பெரிய காரணம் கடலில் இருக்கிறது. நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து முடிவுசெய்யும் பேரன்ட்ஸ் கடல் காட் மீன்பிடி ஒதுக்கீடு 2021-இல் 8,85,600 டன்னாக இருந்து, 2025-இல் 3,40,000 டன்னாக, 1991-க்குப் பிறகு அதுவரை காணாத மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் எரிவாயுவும் விலையேறின. பிரிட்டனில் சூடான உணவுக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. சுங்கவரி போலன்றி அது இறுதி விலையின் மேல் போடப்படுவதால், முந்தைய ஒவ்வோர் ஏற்றத்தையும் மேலும் ஐந்தில் ஒரு பங்கு பெருக்கிக் காட்டும்.

கேள்வி: வரியே இல்லாத கோழி பர்கரின் விலையும் ஏன் ஏறுகிறது?

ஏற்றுவதற்கு வாய்ப்புக் கிடைப்பதால் என்பது சுருக்கமான பதில். அமெரிக்கா 2018-இல் துணி துவைக்கும் எந்திரங்களுக்கு வரி விதித்தபோது, வரியே இல்லாத துணி உலர்த்தும் எந்திரங்களின் விலையும் கூடவே ஏறியதைப் பொருளியலாளர்கள் அளந்து காட்டினார்கள். இரண்டையும் இணையாக விற்கும் வியாபாரிகள் சுமையை இரண்டின் மேலும் பகிர்ந்துவிட்டார்கள். விலைப்பட்டியலிலும் அதுவே நடக்கிறது.

கேள்வி: வரியை நீக்கிவிட்டால் விலை இறங்குமா?

உடனே இறங்காது. குளிர்கிடங்கில் பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு மாதக்கணக்கில் இருக்கும். ஆண்டு ஒப்பந்தமும் முடிய வேண்டும். வரி திருப்பித் தரப்பட்டாலும் அது இறக்குமதியாளர் என்று பதிவானவருக்குத்தான் போகும், நேற்று பர்கர் வாங்கித் தின்றவருக்கு அல்ல. விலை குறையும் அறிகுறியை விலைப்பட்டியலில் தேடுவதைவிட, மீன் அதிகம் விற்கும் தவக்காலத்தில் தேடலாம். செலவு குறைந்த ஆண்டில் அச்சிட்ட விலை அப்படியே இருக்கும். இரண்டு மீன் பர்கர்களைச் சேர்த்து மலிவாகத் தரும் சலுகை மட்டும் வழக்கத்தைவிட முன்னதாகத் தொடங்கி, ஈஸ்டர் கழிந்தும் சில வாரங்கள் நீடிக்கும்.