1803இல் வாவி இருந்ததா?

கடிதம்:

ஐயா, போன விடுமுறையில் பிள்ளைகளோடு கண்டிக்குப் போய் அரச மாளிகைத் தொகுதியைப் பார்த்தோம். திரும்பி வந்த கிழமையே கடைசி மன்னனைப் பற்றிய ஒரு படமும் பார்த்தோம். படத்தில் 1803 என்று எழுத்துப் போட்ட காட்சியிலேயே மன்னன் வாவிக்கரையில் நிற்கிறான். அரசவை மண்டபமான மகுல் மடுவ நாங்கள் நின்றதை விடக் கட்டையாகத் தெரிந்தது. ஏனோ மனம் ஒட்டவில்லை. இப்படியான படங்களை எப்படிப் பார்ப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

வாவி விஷயத்தில் பிழை படத்துடையதுதான். 1803இல் அந்த இடம் வயல். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அணை கட்டி நீர் தேக்கியது அதற்குப் பிறகு. வேலை 1812 அளவில்தான் முடிந்தது. இதைச் சின்னப் பிழை என்று விட எனக்கு மனமில்லை. அந்த அணை வேலைக்குச் சனங்களை வற்புறுத்தி இறக்கியது, பிரதானிகளுக்கும் மன்னனுக்கும் இடையே விழுந்த விரிசலுக்கு ஒரு காரணம். முதல் காட்சியிலேயே வாவியைக் காட்டிவிட்டால் பின்னால் வரும் பகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்கு விளங்காது.

மண்டபத்தில் பிழை படத்துடையதல்ல. மகுல் மடுவ, அவனுக்கு முந்திய மன்னன் ராஜாதி ராஜசிங்கன் தொடங்கியது. பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை நீட்டி, கூடுதல் தூண்களும் நிறுத்தினார்கள். நீங்கள் நின்றது அந்த நீண்ட மண்டபத்தில். மன்னன் காலத்து மண்டபம் கட்டையானதுதான். கலை இயக்குநர் படித்துவிட்டுச் செய்திருக்கிறார். தலதா மாளிகையின் பொன் விதானமும் அப்படித்தான், 1987இல் வந்தது. சரித்திரப் படமொன்றில் தூரக் காட்சியில் மஞ்சளாக ஏதும் மின்னினால் அந்தக் காட்சியை நம்பவேண்டாம்.

ஆனால் கட்டடத்தை விட வெளிச்சத்தைக் கவனியுங்கள். சரித்திரப் படங்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். கண்டி மன்னர்கள் தூதர்களைச் சந்தித்தது இரவில், தீப்பந்த ஒளியில். திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகும். கடைசியில்தான் மன்னன் தெரிவான். 1762இல் மதராசிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி அனுப்பிய ஜோன் பைபஸ் முழங்காலில் நிற்கவேண்டி வந்தது. அவருக்கு அது கசப்பாகவே இருந்தது. மன்னனைக் கண்ணுக்கு எட்டாமல் வைப்பதில்தான் அந்த அரசவையின் அதிகாரமே இருந்தது. பட்டப்பகல் வெளிச்சத்தில் எல்லோரும் மன்னனுக்கு இரண்டு முழத்தில் நின்று பேசினால், தூண் எவ்வளவு அச்சாகச் செதுக்கியிருந்தாலும் அது கண்டி ஆகாது. உங்கள் மனம் ஒட்டாததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டியைப் பிரித்தானியரிடம் கையளித்த கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதும் மகுல் மடுவவில்தான். அந்தக் காட்சி படத்தில் வந்தால் கையெழுத்துகளைப் பாருங்கள்: பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டவர்கள். தென்னிந்திய வழிவந்த நாயக்கர் மன்னர்கள் காலத்து அரசவையில் தமிழ் எவ்வளவு புழங்கியது என்பதற்கு அதைவிடக் கிட்டிய சான்று வேண்டியதில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. கண்டி மன்னர்களின் சிம்மாசனம் கண்டியில் இல்லை, கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815க்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய் வின்ட்சரில் இருந்து, 1934இல் திரும்பியது. (கொழும்புக் கோட்டையில் கடைசி மன்னனின் சிறைக்கூடு என்று காட்டுகிறார்களே, அதை அவ்வளவு எளிதில் நம்பவேண்டாம். அக்காலத்து இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல், மன்னனுக்கு விசாலமான வீடு ஒதுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். 1816 ஜனவரியில் அங்கிருந்துதான் வேலூருக்குக் கப்பலேற்றினார்கள்.)

படத்தை இன்னொரு முறை போடுவதாக இருந்தால், அதற்கு முன் பிள்ளைகளை நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள். சிம்மாசனத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மரச்சட்டத்தின் மேல் பொன் தகடு போர்த்தியிருப்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். சாய்வில் சூரியன் இருக்கும். கை வைக்கும் இடங்களில் சிங்கங்கள். அவற்றின் கண்கள் செவ்வந்திக்கல். படத்துச் சிம்மாசனத்தில் அந்தக் கண்களுக்கு என்ன நிறம் என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.