செஃபலூவுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: செப்டம்பரில் சிசிலித் தீவுக்குச் செல்கிறோம். பலெர்மோவில் தங்கியபடியே செஃபலூ என்னும் கடலோரச் சிற்றூரை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

பதில்: ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் என்பதால் முடியும்; ஆயினும் பகல் கூட்டம் கலைந்தபின் அந்தக் குறுகிய கல்தெருக்களில் நடக்கும் சுகத்துக்காகவேனும் ஓர் இரவு அங்கே தங்குங்கள். நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜர் 1131-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தைத் தவறவிடாதீர்கள். அதன் கருவறை வளைவில், பொன்னிறச் சில்லுகளைப் பதித்து 1148-இல் முடிக்கப்பட்ட கிறிஸ்துவின் பேருருவம், ‘உலகின் ஒளி நானே’ என்ற யோவான் நற்செய்தி வசனத்தைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் தாங்கிய நூலை ஏந்தியிருக்கிறது. நான் கண்ட கிறிஸ்து உருவங்களில் இத்தனை கருணை ததும்பும் முகம் வேறில்லை. ஊருக்குப் பின்னால் சுமார் 270 மீட்டர் உயர்ந்து நிற்கும் லா ரோக்கா குன்றில், தயானா கோயில் எனப்படும் இடிபாடுகளைக் காண, வெயில் ஏறுமுன் தண்ணீருடன் ஏறிவிடுங்கள். செப்டம்பரிலும் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும்.