தப்பிக்கும் வழியை மூடாமல் பயம் போகாது: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அஞ்சுவதைப் படிப்படியாக நேரில் சந்தித்துப் பழகும் எக்ஸ்போஷர் சிகிச்சை பற்றியவை. எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வயது, தொந்தரவு எத்தனை மாதமாக இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். பலமுறை கேட்டும் பாதிக் கடிதங்களில் இவை இல்லை.

எனக்கு ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலுமாக வாட்டும் நோய்) இருக்கிறது. இ.ஆர்.பி. (எக்ஸ்போஷர் செய்து, வழக்கமாகச் செய்யும் செயலைத் தடுக்கும் முறை) செய்யச் சொல்கிறார்கள். அருவருக்கும் பொருளைத் தொட வைத்துவிட்டுக் கை கழுவக் கூடாது என்பது கொடுமையாகத் தோன்றுகிறது. இதற்கு ஆதாரம் உண்டா? (மதுரை வாசகர், 34)

நிறையவே உண்டு. 1966-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், வேறு எந்த வைத்தியத்துக்கும் மசியாத இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார். ஓயாமல் கழுவிக்கொண்டிருந்தவரின் அறையில் தண்ணீர்க் குழாயையே மூடிவைத்தார்கள். செவிலியர் கூடவே இருந்தனர். அஞ்சிய பொருள்களை நோயாளி தொட்டார், ஆனால் கழுவ முடியவில்லை. பயந்தபடி எதுவும் நடக்காததை அவரே கண்டார். 2005-இல் எட்னா ஃபோவா குழுவினர் அமெரிக்காவில் சுமார் 120 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். இ.ஆர்.பி. பெற்றவர்களில் 60 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் நன்கு தேறினார்கள். குளோமிப்ரமின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், இரண்டும் சேர்ந்தால் 70, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரையில் 10 கூட இல்லை.

கொடுமை என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. முறையான சிகிச்சையில் பட்டியல் போட்டு, எளிதானதில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் உங்கள் சம்மதம் கேட்டுத்தான் ஏறுவார்கள். சம்மதம் கேட்காமல் யாராவது உங்கள் கையைப் பிடித்துக் குப்பைத்தொட்டியில் வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

லிஃப்ட் என்றால் பயம். உங்கள் பத்தியைப் படித்துவிட்டு ஆறு மாதமாகத் தினமும் அலுவலக லிஃப்டில்தான் போகிறேன். பயம் இம்மியும் குறையவில்லை. இந்த முறை பொய்யா? (சென்னை வாசகர், 41)

கடிதத்தின் கடைசிப் பத்தியில் நீங்களே விடை எழுதியிருக்கிறீர்கள். சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் கட்டாயம் ஒரு சக ஊழியர், காதில் பாட்டு, விரல் எப்போதும் கதவு திறக்கும் பொத்தான்மேல். ஆறு மாதமாக உங்கள் மூளை கற்றுக்கொண்டது "லிஃப்டில் ஆபத்தில்லை" என்பதை அல்ல. "மாத்திரையும் ஆளும் இருந்ததால் பிழைத்தேன்" என்பதைத்தான்.

பயம் குறையும்வரை உள்ளே இருக்க வேண்டும் என்று முன்பு வலியுறுத்தினோம். உளவியலாளர் மிஷேல் கிராஸ்க் போன்றவர்களின் ஆய்வுகள் பார்வையை மாற்றிவிட்டன. பழைய பயம் அழிந்துபோவதில்லை. அதை அடக்கிவைக்கும் புதிய பாடம் ஒன்று பக்கத்தில் பதிகிறது. நீங்கள் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ, அந்தப் பாடம் அவ்வளவு ஆழமாகப் பதியும். ஆகவே ஏறுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: "மூச்சு நின்று மூன்றாவது மாடிக்குள் மயங்கி விழுவேன்." பாட்டில், பாட்டு, துணை எதுவுமில்லாமல் ஏறுங்கள். இறங்கியதும் எழுதியதைப் பாருங்கள். பிறகு வேறு கட்டடம், வேறு நேரம், நெரிசலான லிஃப்ட் என்று மாற்றிக்கொண்டே போங்கள். ஒரே லிஃப்டில் மட்டும் பழகினால் அந்த லிஃப்டுக்கு மட்டுமே தைரியம் வரும்.

எப்போதும் பயமாக இருக்கிறது. தீர்வு கூறவும். (பெயர், ஊர் இல்லை)

எதைக் கண்டு, எப்போதிலிருந்து, பயம் வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் எதுவும் சொல்ல முடியாது.

என் மகனுக்கு 16 வயது, ஓ.சி.டி. ஓராண்டாகச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். வீட்டில் இரவு முழுக்க ஒரே கேள்வி: "கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு என் தட்டைத் தொட்டீர்களா அம்மா?" இல்லை என்று சொன்னால்தான் சாப்பிடுகிறான். நாங்கள் அன்பாகத்தானே நடந்துகொள்கிறோம், ஏன் குணமாகவில்லை? (சேலம் வாசகி)

அம்மா, உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "இல்லை கண்ணா" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவனுக்காக ஒருமுறை நீங்கள் கை கழுவுகிறீர்கள். சடங்கு அவன் கையிலிருந்து உங்கள் வாய்க்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடி சந்தேகம். அடுத்த தடவை நீங்கள் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

இது எனக்குப் பல வருட ஆதங்கம். நான் பார்த்த வீடுகளில் ஒன்றில் அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மாதச் சாமான் பட்டியலில் சோப்பு மட்டும் பன்னிரண்டு. பாட்டி தன் சொம்பைத் தானே ஒளித்துவைத்துக்கொண்டார். உறவினர்களோ "எவ்வளவு சுத்தபத்தமான பிள்ளை" என்று மெச்சினார்கள். குடும்பம் முழுவதும் நோயின் சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சிகிச்சை அறைக்குள் இருப்பான். தாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நடந்ததை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரச் சிகிச்சையை மீதமுள்ள அத்தனை மணி நேரமும் வீடு தோற்கடித்துக்கொண்டிருந்தது. பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஓ.சி.டி. சிகிச்சை செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இப்படிக் குடும்பம் நோய்க்கு வளைந்துகொடுப்பதை அளக்க 1995-இலேயே அளவுகோல் வந்துவிட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் ஒரு படி மேலே போனார். பதற்றக் கோளாறுள்ள சுமார் 120 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவில் குழந்தைக்கு நேரடிச் சிகிச்சை கொடுத்தார். மறு பிரிவில் குழந்தையைத் தொடவே இல்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. இரண்டு பிரிவிலும் பலன் ஏறத்தாழச் சமமாக இருந்தது. பெஞ்சில் உட்காரும் தாயை உள்ளே அழைக்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

நீங்கள் செய்ய வேண்டியது: அடுத்த அமர்வில் நீங்களும் கணவரும் உள்ளே வருவதாகச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். மகன் அமைதியாக இருக்கும் ஒரு மாலையில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் எடுங்கள். தட்டுக் கேள்வியே போதும். அவன் கேட்கும்போது சொல்லுங்கள்: "உனக்கு இது கஷ்டம் என்று தெரிகிறது. இந்தக் கேள்விக்கு இனி நான் பதில் சொல்லப் போவதில்லை. உன்னால் தாங்கிக்கொள்ள முடியும்." வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். பாட்டி மட்டும் ரகசியமாக "இல்லை" என்று தலையசைத்தால் எல்லாம் வீண். முதல் சில நாள்களில் கோபமும் அழுகையும் கூடும். அப்போது விட்டுக்கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகப் பேசினால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஓ.சி.டி.க்கு மாத்திரை ஓரளவு கேட்கிறது. கூடுதலாக ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை சேர்க்கலாம் என்கிறார்கள். அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இ.ஆர்.பி. செய்யட்டுமா? (திருநெல்வேலி வாசகர், 29)

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். 2013-இல் நியூயார்க்கில் ஹெலன் பிளேர் சிம்ப்சன் குழு உங்களைப் போல மாத்திரையில் பாதி தேறிய 100 பேரைப் பார்த்தது. மாத்திரையோடு இ.ஆர்.பி. சேர்த்தவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பலன். ரிஸ்பெரிடோன் சேர்த்தவர்களில் 20 சொச்சம், அது போலி மாத்திரையைவிடப் பெரிதாக மேலில்லை. இதை உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். மறுபடி சொல்கிறேன், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரத்தம், ஊசி பார்த்தால் மயங்கி விழுகிறேன். மூச்சுப் பயிற்சி செய்தும் விழுகிறேன். (கோவை வாசகி, 22)

மூச்சுப் பயிற்சியை விடுங்கள். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். உங்களுடையதில் முதலில் ஏறிப் பிறகு சட்டென்று விழும். தளர்ந்தால் இன்னும் சீக்கிரம் விழுவீர்கள். ஸ்வீடனின் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் உருவாக்கிய முறை நேர் எதிரானது. கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும்வரை, அதாவது 10 முதல் 15 விநாடி, இறுக்குங்கள். பிறகு பழைய நிலைக்கு வந்து 20, 30 விநாடி விட்டு மறுபடி. ஐந்து தடவை. வீட்டில் நன்றாகப் பழகிய பிறகு ஊசியைப் பார்க்கப் போங்கள். ஊசி குத்தும் கையை மட்டும் தளர்வாக வைத்திருங்கள்.

விடுதியில் படிக்கும் என் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் வாந்தி எடுக்கிறாள். எக்ஸ்போஷர் என்று பரோட்டாவை முன்னால் வைத்து உட்கார வைக்கலாமா? (வேலூர் வாசகர்)

வேண்டாம். தங்கையின் வயது இல்லை, எடை இல்லை, மாதவிலக்கு நின்றிருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும். வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெகுவாக மெலிந்தவருக்குத் திடீரெனச் சோறு ஏற்றுவதும் ஆபத்து. உடல் எடை குறைந்தவருக்கு வீட்டில் எக்ஸ்போஷர் செய்யாதீர்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

ஆராய்ச்சியும் ஓ.சி.டி. அளவுக்குத் தெளிவாக இல்லை. அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் நோயான புலிமியாவுக்கு, பயந்த உணவைச் சாப்பிட வைத்து வாந்தியைத் தடுக்கும் முறையை ரோசனும் லைட்டன்பெர்கும் 1982-இல் முன்வைத்தார்கள். பின்னர் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 135 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு மேல் அது பெரிதாக எதையும் கூட்டவில்லை. எடை கூடிவிடுமோ என்று சாப்பாட்டையே ஒதுக்கும் நோயான அனோரெக்ஸியாவில் ஜோவன்னா ஸ்டைன்கிளாஸ் குழு மருத்துவமனைக்குள் செய்த முயற்சியில் சாப்பிடும் அளவு கூடியது, ஆனால் கொஞ்சம்தான். நம்பிக்கை தரும் வழிதான், ஆனால் மருத்துவர் பக்கத்தில் இருந்து, நேரம் தவறாத உணவு, நோயாளியும் அறிய எடை பார்ப்பது எல்லாவற்றோடும் சேர்த்துச் செய்வது. இந்த வாரமே அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள்.

சாமி கும்பிடும்போது ஆபாச எண்ணங்கள் வருகின்றன. கன்னத்தில் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கும்பிடுகிறேன். எக்ஸ்போஷர் என்றால் சாமியை அவமதிக்கச் சொல்வார்களா? (கும்பகோணம் வாசகர், 50)

மாட்டார்கள். அப்படிச் சொல்பவரிடம் போகாதீர்கள். எண்ணம் உங்கள் பக்தியின் அளவு அல்ல, ஓ.சி.டி.யின் வேலை. பக்தியை மதிப்பவர்களைத்தான் இந்த எண்ணம் அதிகம் வாட்டுகிறது. சன்னதிக்குப் போங்கள், எண்ணம் வரட்டும், கன்னத்தில் போடாமல், முதலிலிருந்து தொடங்காமல், கும்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள். தடுக்க வேண்டியது கன்னத்துக்குப் போகும் கையை. மனத்துக்குள் சொல்லும் மன்னிப்பும் கணக்கில் சேரும்.

ஒரே நாளில் பயம் போகும் என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா? (ஈரோடு வாசகி)

சிலந்தி, நாய் போன்ற ஒற்றைப் பயத்துக்கு உண்மை. ஓஸ்ட் மூன்று மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் முடித்துக் காட்டியிருக்கிறார். ஓ.சி.டி.க்கு நார்வேயின் பெர்கனில் நான்கு நாள் முறை நல்ல பலன் தருகிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிகிச்சையாளர் நாள் முழுக்க உடன் இருக்கிறார். விளம்பரம் கொடுத்தவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.